கரண்ட் போன பிறகு

லோகநாயகி பின்பக்கக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. 'ஹா' என்று கிளம்பிப் பாதியிலேயே வெட்டுப்பட்ட குரல். கூடவே கனமான இரும்புச் சாமான் ஒன்று தரையில் மோதிய சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த நிசப்தம்தான் அவளை ஓட வைத்தது.

முன்னறையில் அவள் தம்பி செங்கல்வராயன் மல்லாந்து கிடந்தான். தலை இரும்புக் கட்டிலின் காலோடு ஒட்டியிருந்தது. காதுக்குப் பின்னாலிருந்து வழிந்த ரத்தம் சிமெண்டுத் தரையில் பரவிக்கொண்டிருந்தது. அவன்மேல் குனிந்து முட்டி போட்டிருந்தான் அவள் புருஷன் மனோகரன். ஒரு கையால் மச்சானின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தான்.

"அய்யய்யோ, அடிக்காதீங்க! வுடுங்க அவனை!"

மனோகரன் நிமிர்ந்தான். முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. "நான் அடிக்கல லோகா. எழுப்புறேன். கரண்ட் அடிச்சிருச்சு. இவனுக்குக் கரண்ட் அடிச்சிருச்சு!"

அவள் தன்னையறியாமல் அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறி அசையாமல் தொங்கியது. காலையில் சமையல் முடியும் முன்பே போன கரண்ட் இன்னும் வரவில்லை. அவர்கள் வீட்டில் மட்டுமல்ல, ஆவடியில் அந்த க்வார்ட்டர்ஸ் முழுக்கவே இல்லை. சுவரிலிருந்த ப்ளக் பாயிண்ட்டில் எதுவும் செருகியிருக்கவில்லை. தம்பியின் காலடியில் கவிழ்ந்து கிடந்த அலுமினியப் பெட்டியின் ஒயர் அழகாகச் சுருட்டிச் சணலால் கட்டப்பட்டிருந்தது.

தம்பியை அடித்தது ஒரு பக்கம். அதை இப்படி வாய்கூசாமல் மறைப்பது இன்னொரு பக்கம். கல்யாணமாகி மூன்று வருஷமாக ஒருநாள்கூடக் கை ஓங்காத மனுஷன். எதிரே நிற்பது யாரோ என்று அவளுக்குத் தோன்றியது.

எண்பத்தொன்பதாம் வருஷத்து ஆடி மாதம் அது. மனோகரன் தர்மபுரிப் பக்கத்துக்காரன். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து ஆவடிக்கு வந்தவன். லோகநாயகிக்குப் பிறந்த வீடு திருமுல்லைவாயில். பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போன பிறகு, தம்பி பக்கத்து ஊரான பாடியில் ஒரு பட்டறையில் வெல்டராகச் சேர்ந்திருந்தான். மனோகரனுக்கு ஒரே பைத்தியம் வால்வு செட்டு. டிரான்சிஸ்டர் வந்த பிறகு ஊரெல்லாம் தூக்கிப் போட்ட பழைய ரேடியோக்களிலிருந்து கண்ணாடிக் குழாய் வால்வுகளைக் கழற்றிச் சேர்த்து, தானே ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டிக்கொண்டிருந்தான். அதில் பாட்டு வந்தால் பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கும் என்பான்.

பாட்டு வரத்தான் செய்தது. ஆனால் பாட்டுக்குப் பின்னால் கூடவே ஒரு 'ங்ங்ங்' இரைச்சல். மாவு மில் வாசலில் நின்று பாட்டுக் கேட்பதுபோல. குற்றம் வால்வில் இல்லை, வால்வுக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையில்தான் என்று கண்டுபிடிக்கவே அவனுக்கு மாதக்கணக்கானது. வீட்டுக் கரண்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். அதை டயோடு ஒரே திசையில் ஓட வைக்கும். அதிலிருக்கும் மேடு பள்ளத்தைக் கண்டென்சர் நிரவி விடும். நிரவுவது போதாததால்தான் இரைச்சல். எனவே இருந்ததைவிட நாலு மடங்கு பெரிய கண்டென்சர்களை ரிச்சி தெருவில் தேடி வாங்கி வந்தான். ஒரே பெட்டியில் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு பாட்டில் கலந்துவிடுகிறது என்று, பவர் சப்ளையை மட்டும் தனிப் பெட்டியாகப் பிரித்தான். ஒரு வாரமாக அந்தப் பெட்டி மேல்மூடி அடிமூடி எதுவும் இல்லாமல் முன்னறைத் தரையில் ஒரு பலகைமேல் உட்கார்ந்திருந்தது. அன்று அவன் லீவு போட்டிருந்தான். காலையில் வால்வுப் பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் ஓட்டி மீட்டரில் அளந்துகொண்டிருந்தான். அந்த நேரம்தான் கரண்ட் போனது. ப்ளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டான்.

மத்தியானம் செங்கல்வராயன் வந்தான். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாளன்று மாமா கட்டிய செட்டுதான் பாடப்போகிறது என்று திருமுல்லைவாயில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவன் அவன்.

"இன்னா மாமா, ஞாயித்துக்கெழமை கூழு. இன்னும் பொட்டியைப் பிரிச்சிப் போட்டுகினு கீறே? ஊர்ல என் மூஞ்சை எங்க வெச்சிக்கிறது?"

"இரைச்சலோட குடுக்கச் சொல்றியா? நான் குடுக்க மாட்டேன்."

"நீ குடுக்க வாணாம். நானே தூக்கிகினு போறேன். பாடியில சர்வீஸ் பண்றவன் ஒருத்தன் கீறான், ரெண்டு நாள்ல முடிச்சிடுவான்."

அந்த வார்த்தைதான் மனோகரனைச் சுட்டுவிட்டது. "தொட்டுப் பாருடா! தொட்டா உன் கை இருக்காது!" என்று அவன் போட்ட சத்தம் பக்கத்து வீட்டு சுசீலாவுக்கும் கேட்டது. லோகநாயகியின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தாள் அவள். சண்டை ஓய்ந்தது என்று நினைத்துத்தான் லோகநாயகி துணி எடுக்கப் போனாள்.

இப்போது சுசீலாவும் வாசலில் வந்து நின்றாள். ரத்தத்தைப் பார்த்ததும் குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். "ஆட்டோ கூப்பிடுங்க மொதல்ல" என்று அவள் போட்ட அதட்டலில்தான் மற்ற இருவரும் அசைந்தார்கள்.

ஆட்டோவிலேயே செங்கல்வராயன் கண்ணைத் திறந்துவிட்டான். ஆனால் பார்வை எங்கோ இருந்தது. பஜாரிலிருந்த டாக்டர் காயத்தைக் கழுவித் தையல் போட்டார். மனோகரனை லோகநாயகி உள்ளே வரவிடவில்லை. அவன் ஆட்டோ பக்கத்திலேயே கை இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னடா ஆச்சு? அக்காகிட்ட சொல்லு" என்றாள் தம்பியின் காதோடு.

"தெர்லக்கா. பொட்டியைத் தூக்குனேன். பின்னாடிலேர்ந்து எவனோ உதைச்சான். ரெண்டு தோள்லயும் ஒரே நேரத்துல. குதிரை உதைக்கிற மாதிரி. அப்பால ஒண்ணும் தெர்ல."

 அந்த அறையில் 'எவனோ' என்று சொல்ல ஒரே ஒருவன்தான் இருந்தான்.

டாக்டர் கட்டுப் போட்டு முடித்துவிட்டுத் தம்பியின் கைகளைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு கையிலும் விரல் நுனியில் அரிசி அளவுக்கு வெளுத்த புள்ளிகள் இருந்தன. "இது என்ன, சுட்டுக்கிட்டாரா?"

"வெல்டிங் வேலை டாக்டர். அங்க பட்டிருக்கும்" என்றாள் லோகநாயகி.

திரும்பி வந்தபோது கரண்ட் வந்திருந்தது. வீட்டுப் படிக்கட்டில் அவள் அம்மா கன்னியம்மாள் தலைமுடி அவிழ உட்கார்ந்திருந்தாள். சுசீலாவின் வீட்டுக்காரர் சைக்கிளில் போய்ச் சொல்லியிருக்கிறார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். மகன் தலைக்கட்டோடு ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் கன்னியம்மாள் ஓடிப்போய் அவன் உடம்பெல்லாம் தடவினாள். அப்புறம் மருமகன் பக்கம் திரும்பினாள்.

"இன்னா மாப்ளே, பொண்ணு குடுத்தோம். புள்ளையையும் காவு கேக்குறீங்களா?"

"அத்தை, நான் அவனைத் தொடல. உள்ள போய்த் தண்ணி குடிச்சிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் வந்தேன். கரண்ட் அடிச்சிருச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு லோகநாயகியின் காதில் ஊசியாக இறங்கியது.

"அண்ணே, மனசாட்சியோட பேசுங்க" என்றாள் சுசீலா. "கை இருக்காதுன்னு நீங்க கத்துனது கேட்டுச்சு. அப்புறம் ஜன்னல் வழியாப் பாத்தேன்லா. சட்டையப் புடிச்சு அறைஞ்சிட்டு இருந்தீங்க. அப்போ எந்த வீட்டுலயும் கரண்ட் இல்ல."

செங்கல்வராயன் படியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்: "மாமா, கோவத்துல அடிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இத்தோட வுட்டுர்றேன். சண்டைன்னா கை நீளத்தான் செய்யும். ஆனா கரண்ட்டுன்னு மட்டும் சொல்லாதே. நான் இன்னா லூசா?"

லோகநாயகி புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு, சொல்லித் தொலைத்துவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். அடித்த புருஷனோடு குடித்தனம் நடத்துகிற பெண்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இத்தனை பேர் முன்னால் தம்பியையும் அவளையும் முட்டாளாக்குவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

 மனோகரன் உள்ளே போனான். அந்த அலுமினியப் பெட்டியைப் பலகையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில், எல்லாருக்கும் நடுவில் வைத்தான். ஜன்னல் வழியாக நீள ஒயர் ஒன்றை இழுத்து அதில் பெட்டியின் ப்ளக்கைச் செருகினான்.

"யாரும் கிட்ட வராதீங்க. தள்ளி நில்லுங்க."

சுவிட்சைப் போட்டான். டிரான்ஸ்ஃபார்மர் மெல்ல உறுமியது. கொஞ்சம் பொறுத்து அணைத்தான். ப்ளக்கைப் பிடுங்கி, நேராகக் கன்னியம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"அத்தை, இதை நீங்களே கையில வெச்சுக்கோங்க. எதுலயும் சொருகலன்னு எல்லாரும் பாத்துக்கோங்க."

கன்னியம்மாள் ஒன்றும் புரியாமல் அந்த ப்ளக்கைக் கோயில் பிரசாதம்போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். மனோகரன் எட்டிப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டான். நேரம் போயிற்று. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. 'இன்னாய்யா வித்தை காட்றான்' என்று ஒருவர் கிளம்பப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் பின்னுக்கு இழுத்து நிறுத்தினார்கள். அப்புறம்தான் மனோகரன் பிளாஸ்டிக் பிடி போட்ட நீளத் திருப்புளி ஒன்றை எடுத்து வந்தான். பெட்டியைப் பலகைமேலேயே பக்கவாட்டில் சாய்த்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அடியிலிருந்த கண்டென்சரின் இரண்டு முனைக்கும் குறுக்கே திருப்புளியை வைத்தான்.

துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். நீல வெளிச்சம் ஒன்று கண்ணைக் குத்திவிட்டு மறைந்தது.

கன்னியம்மாள் ப்ளக்கைக் கீழே போட்டுவிட்டு "அம்மா தாயே!" என்று பின்வாங்கினாள். சுசீலாவின் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டது.  மனோகரன் திருப்புளியை உயர்த்திக் காட்டினான். அதன் நுனி கடித்துத் துப்பியதுபோலப் பிய்ந்திருந்தது.

"கரண்ட் போயிருச்சு. ஆனா இதுக்குள்ள இருக்கிறது போகல" என்றான்.  "காலையில டிரம்ல தண்ணி புடிச்சு வெச்சா, குழாய் நின்ன பிறகும் டிரம்ல தண்ணி இருக்கும்ல, அது மாதிரி. வால்வு மாட்டியிருந்தா வால்வு குடிச்சுத் தீத்திருக்கும். இன்னிக்கு மாட்டல. அடியில கை குடுத்துத் தூக்கியிருக்கான். ஒரு கை இந்த முனையில, ஒரு கை பெட்டியில பட்டிருக்கு. நெஞ்சு வழியாப் போயிருக்கு."

செங்கல்வராயன் தன் விரல் நுனிகளைப் பார்த்தான். முதல்முறையாகப் பார்ப்பவன்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா... அப்போ அது நீ இல்லியா?" என்றான். சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது.

எல்லார் முகமும் இளகிப் போயிற்று. ஆளாளுக்குப் பேசினார்கள். நல்லவேளை உயிர் தப்பியது என்றார் ஒருவர். சுசீலா தலையைக் குனிந்துகொண்டு, "நான் பாத்ததத்தான் சொன்னேன் அண்ணே" என்றாள். கன்னியம்மாள் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த வயிறு மாப்ளே, வாயில வந்ததைப் பேசிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க" என்று அழுதாள்.

லோகநாயகி மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. காதில் அந்த வெடிச்சத்தம் இன்னும் ஓயவில்லை. அவள் கண்முன்னால் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

கரண்ட் போன பிறகு புழுக்கம் தாங்காமல் குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து முன்னறை ஜன்னலோரம் பாயில் விட்டிருந்தாள். பதினோரு மாதக் குழந்தை. எதைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிற வயசு. அது தவழ்ந்து தவழ்ந்து பலகைவரை போய்விட்டது. பளபளவென்று இருந்த பெட்டியை நோக்கி இரண்டு கையையும் நீட்டியது. அவள்தான் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். ஆபத்து என்று நினைத்தா இழுத்தாள்? இல்லை. "அப்பா சாமானைத் தொட்டா அப்பா திட்டும்டீ" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இழுத்தாள். புருஷன் முகம் சுளிப்பானே என்ற பயம் ஒன்றுதான் அவள் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது.

 சுசீலாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். நெஞ்சோடு இறுக்கியதில் அது மறுபடி சிணுங்கியது.

"இது இப்படி வெச்சிக்கும்னு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

மனோகரன் திரும்பினான். 

"தெரியும்."

"அப்போ தொடாதேன்னு தம்பிகிட்ட கத்துனது அதனாலயா?"

ஆம் என்று சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். அவனுக்கும் அது தெரிந்திருக்கும்.  "இல்ல" என்றான். "அது வெறும் கோவம். அந்த நேரத்துல இது என் ஞாபகத்துலயே இல்ல. அணைச்சா உள்ள நிக்கிற கரண்ட் தானா வடியறதுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டிருந்தேன். அது அடுப்பு மாதிரி கொதிச்சுது. வேற பெருசா போட்டுக்கலாம்னு போன வாரம் கழட்டினேன். இரைச்சல் இன்னும் கொறையுதான்னு பாக்குற மும்முரத்துல அது அப்படியே போச்சு."

"போன வாரமா?"

"ம்."

"ஒரு வாரமா இது நம்ம ஊட்ல தரையில கீது. கொழந்தை அதே தரையில தவழுது. தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்தை சொல்லலியே நீ!"

நீ என்று வந்தது அவளுக்கே கேட்டது. இத்தனை வருஷத்தில் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. கன்னியம்மாள், "ஏ லோகா, இன்னா பேச்சு இது" என்று அடக்கப் பார்த்தாள்.  மனோகரனின் கண்கள் குழந்தையின் கைகளில் நின்றிருந்தன. அந்தக் கணத்தில்தான் அவனுக்கும் முழுசாகப் புரிந்திருக்க வேண்டும். மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ அவனை அடிச்சிருந்தா தேவல" என்றாள் லோகநாயகி.

அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடும் தம்பியோடும் திருமுல்லைவாயிலுக்குப் போய்விட்டாள். போகிற வழியெல்லாம் கன்னியம்மாள் அவளைத் திட்டினாள். ஒரு பாவமும் அறியாத மனுஷனைச் சந்தேகப்பட்டோமே என்ற உறுத்தல் அவளுக்கு. கூழ் ஊற்றுகிற நாளன்று வாடகை மைக் செட்டுதான் பாடியது. செங்கல்வராயன் தலைக்கட்டோடு ஊரெல்லாம் சுற்றி, கரண்ட் இல்லாத வீட்டில் தனக்குக் கரண்ட் அடித்த கதையைச் சொன்னான். ஒவ்வொருமுறை சொல்லும்போதும் அவன் போய் விழுந்த தூரம் ஒரு அடி கூடியது.

கூழுக்கு வரும்படி கன்னியம்மாளே மாப்பிள்ளையை அழைத்திருந்தாள். மனோகரன் வந்தான். இலையில் கறியும் கருவாடும் குவித்தாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை. அம்மா உள்ளே போனதும் லோகநாயகி எதிரே வந்து உட்கார்ந்தாள். மறுபடி 'நீங்க' வந்திருந்தது.

"உங்களை நம்பலியேன்னு அம்மாவுக்கு வெக்கம். எனக்கு அது இல்ல. எதையும் கேக்காம நம்பிகினு இருந்தேனேன்னுதான் தூக்கம் வரல."

"பெட்டியைப் பிரிச்சுப் போட்டுட்டேன் லோகா. இனிமே அது வேணாம்."

"நான் வாணாம்னு சொல்லலியே. சரியாக் கட்டுங்க. மூடி போட்டுக் கட்டுங்க. என்ன எங்க கீது, எதைத் தொடக்கூடாதுன்னு எனக்குத் தெரியணும். அதுக்கப்புறம் வரேன்."

ஆவணி பாதியில் அவள் ஆவடிக்குத் திரும்பினாள். பவர் சப்ளைக்கு இப்போது தகரப் பெட்டி, நாலு பக்கமும் திருகு. ஒன்று கருகிப் போனாலும் இன்னொன்று வடிக்கட்டும் என்று கண்டென்சருக்கு இரண்டு பெரிய ரெசிஸ்டர்கள் போட்டிருந்தான். மூடும் முன்பு ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிச் சொன்னான். அவள் குறுக்குக் கேள்வி கேட்டாள். அவன் பொறுமையாகப் பதில் சொன்னான். எதையெதை மறந்துபோனான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னான். பெட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் சுவர் ஓரம் ஒரு ஸ்டாண்டு அடித்து வைத்தார்கள்.

செட்டு நன்றாகவே பாடியது. இரைச்சல் துளியும் இல்லை. சுசீலாவும் வீட்டுக்காரரும் வந்து கேட்டார்கள். செங்கல்வராயன் கதவோரமே நின்று கேட்டுவிட்டு, "சூப்பர் மாமா" என்று அங்கிருந்தே கையைத் தட்டினான். லோகநாயகிக்கும் பாட்டுப் பிடித்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

ஆனால் வீடு பெருக்கும்போது அந்த ஸ்டாண்டு பக்கம் போனதும் அவள் கை தானாக நின்றுவிடும். துடைப்பம் ஒரு முழம் தள்ளியே திரும்பிவிடும். பயப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. மனோகரன் அதைச் சில நாள் பார்த்தான்.  ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போனதும், சாத்தி வைத்திருந்த துடைப்பத்தை எடுத்து அந்த மூலையை அவனே பெருக்கினான். அடுத்த நாளும் பெருக்கினான். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. அந்த மூலை அவன் வேலையாகவே ஆகிப்போயிற்று.